எடைகுறைப்பு அறுவைக்கு முன்னும் பின்னும்: தடைகளைத் தாண்ட ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்காவுக்கு ரத்த அழுத்தம் பார்த்த ஒரு நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊரிலிருந்த சிறிய கிளினிக் ஒன்றில் செவிலியர் எடுத்த பட்டை அக்காவின் மேல்கையைச் சுற்றி வரவில்லை. இழுத்துப் பிடித்து ஒட்டினால், காற்று ஏற ஏற ஒட்டு பிரிந்து பட்டென்று திறந்துகொண்டது. மூன்றாம் முறை கையால் அழுத்திப் பிடித்து எடுத்ததில் 160-க்கு 100 என்று வந்தது. "உடம்பைக் குறைங்கம்மா" என்ற ஒரே வரியுடன் மாத்திரைச் சீட்டு கைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்தில், பருத்த கைகளுக்கென்றே உள்ள அகலமான பட்டையால் அளந்தபோது 138-க்கு 86 இருந்தது. கைக்குப் பொருந்தாத சிறிய பட்டை, அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். அன்று அக்கா அழுதது அந்த எண்ணுக்காக அல்ல. எல்லார் முன்னிலும் அந்தப் பட்டை திரும்பத் திரும்பத் திறந்துகொண்டதற்காக.

அக்காவுக்கு 2021-இல் எடைகுறைப்பு அறுவைகளில் ஒன்றான இரைப்பை பைபாஸ் நடந்தது. அறுவை அரங்கில் அவர் இருந்தது சில மணி நேரம்தான். அந்த அரங்கின் வாசலை அடைய எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதனால் கிடைத்த பயனைக் காப்பாற்றும் வேலை இன்றும் தொடர்கிறது. உடற்பருமன் சிகிச்சையின் தடைகளில் பெரும்பாலானவை அறுவைக்கு முன்னும் பின்னும்தான் இருக்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்ததால், அவை வரும் வரிசையிலேயே எழுதுகிறேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அவர்களில் அறுவை தேவைப்படுவோர் சிறு பகுதியினரே என்றாலும், அந்தச் சிறு பகுதியிலும் மிகப் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 1: இது நோய் என்று ஒப்புக்கொண்டு, சரியான அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்

முதல் தடை வெட்கம். வாயைக் கட்ட முடியாதவர், சோம்பேறி என்று ஊர் சொல்வதை நோயாளியே நம்பிவிடுகிறார். உண்மையில் எடை குறையத் தொடங்கியதும் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு எதிர்த்துப் போராடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது, ஓய்வில் செலவாகும் ஆற்றலும் சுருங்குகிறது. பத்தியத்தால் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதை 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நான்கு முறை எடை குறைத்து நான்கு முறையும் திரும்ப ஏறிய ஒருவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை. நான்கு முறை குறைத்ததே அவருடைய மன உறுதிக்குச் சான்று.

உடல் நிறை குறியீடான பி.எம்.ஐ.-யைக் கணக்கிட, கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். அக்காவின் உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ; பி.எம்.ஐ. 39.3. உலகப் பொது அளவுகோல் 30-க்கு மேல்தான் பருமன் என்கிறது. ஆனால் நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் வந்துவிடுவதால், 2009-இல் இந்திய வல்லுநர்கள் வெளியிட்ட ஒருமித்த முடிவு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று வரையறுத்தது. இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. அறுவைக்கு அதே ஆவணம் சொன்ன எல்லை, சர்க்கரை நோய் போன்ற இணைநோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5. அமெரிக்க, பன்னாட்டு அறுவைச் சிகிச்சைச் சங்கங்கள் 2022-இல் தம் பழைய விதிகளைத் திருத்தி, 35-க்கு மேல் இணைநோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே அந்த வாய்ப்பை வழங்க வேண்டும் என்றும் கூறின. உங்கள் எண் இவற்றில் எங்கே நிற்கிறது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காப்பீட்டு நிறுவனம் வைத்திருக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கிறது.

படி 2: வேறு காரணங்களை விலக்கி, ஒரு கோப்பைத் தொடங்குங்கள்

தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, அரிதாகக் கார்டிசால் ஹார்மோன் மிகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டு மட்டுமே ஒருவரை 40 கிலோ கூட்டிவிடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். "தைராய்டு உடம்பு" என்று சொல்லிக்கொண்டே பத்தாண்டுகளைக் கடத்தியவர்கள் பலர். உட்கொள்ளும் மருந்துகளையும் கேளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களே நிறுத்தக் கூடாது, மாற்று உண்டா என்று மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கோப்பு என்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். எங்களை ஓராண்டு பின்னுக்கு இழுத்தது அது இல்லாமைதான். அக்கா ஆறு ஆண்டுகளாக உணவு ஆலோசகர், உடற்பயிற்சி நிலையம், சித்த மருந்து, பேலியோ என்று எல்லாவற்றையும் முயன்றிருந்தார். எதற்கும் காகிதம் இல்லை. எனவே ஒவ்வொரு முறையும் மருத்துவர் உங்கள் எடையையும் உயரத்தையும் சீட்டில் தேதியுடன் எழுதச் செய்யுங்கள். உணவு ஆலோசகரின் சீட்டு, பயிற்சி நிலையக் கட்டண ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), கல்லீரல் ஸ்கேன், தூக்கப் பரிசோதனை முடிவு அனைத்தும் கால வரிசையில் ஒரே கோப்பில் இருக்கட்டும். மற்ற வழிகளை முயன்று பயன் கிடைக்கவில்லை என்பதை ஒருநாள் நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

படி 3: காப்பீடு

மிக அதிகமானோர் விழும் பள்ளம் இது. தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குச் சில லட்சம் ரூபாய் ஆகும். நகையை அடகு வைத்துச் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். பணம் கட்டும் முன் பாலிசியைத் திறந்து படியுங்கள்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-இல் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளை ஒரே சொல்லமைப்பில் தொகுத்தது. அதில் விலக்கு எண் 6 உடற்பருமனைப் பற்றியது. கீழ்க்காணும் எல்லா நிபந்தனைகளும் நிறைவேறாவிட்டால் பருமன் அறுவைக்குப் பணம் இல்லை என்பது அதன் சாரம்: மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், மருத்துவ நெறிமுறை அதை ஆதரிக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40-ஐ எட்டாமல் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால், எளிய எடைகுறைப்பு முறைகள் பலனளிக்காமல் போனதோடு, பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும்.

இந்த எண்களை முதல் படியில் எழுதியவற்றோடு பொருத்திப் பாருங்கள். 158 செ.மீ. உயரமும் 82 கிலோ எடையும் சர்க்கரை நோயும் உள்ள ஒரு பெண்ணின் பி.எம்.ஐ. 32.8. இந்திய மருத்துவர்களின் 2009 ஆவணப்படி அவர் அறுவைக்குத் தகுதியானவர். காப்பீட்டு விதிப்படி தகுதியற்றவர். இந்திய உடலுக்கு மேலைநாட்டு அளவுகோலைப் போட்டதன் விலையை நோயாளிதான் கட்டுகிறார். அதைவிட வருத்தமானது, "கட்டுப்படாத" சர்க்கரை என்ற சொல். நான்கு மாத்திரையும் இரண்டு வேளை இன்சுலினும் போட்டு, ஒழுங்காகப் பத்தியம் இருந்து, எச்.பி.ஏ.1.சி.-யை 6.9-இல் நிறுத்தியவரிடம் "உங்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது" என்று கேட்கப்படலாம். இந்த விதி திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நோயாளி செய்யக்கூடியது, அந்தக் கட்டுப்பாட்டுக்கு எத்தனை மருந்துகள் தேவைப்படுகின்றன, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அளவுகள் எப்படி ஏறி இறங்கின என்பதை மருத்துவரின் கடிதத்தில் விவரமாக எழுதச் செய்வதுதான்.

அடுத்தது காத்திருப்புக் காலம். முன்பே இருந்த நோய்களுக்கும் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கும் அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்ல நிறுவனங்களுக்கு 2024 முதல் அனுமதி உண்டு. அதற்கு முன் அது 48 மாதமாக இருந்தது. அறுவை வேண்டும் என்று முடிவெடுத்த மாதத்தில் பாலிசி எடுத்துப் பயனில்லை. விண்ணப்பப் படிவத்தில் எடையையோ சர்க்கரை நோயையோ குறைத்து எழுதவும் வேண்டாம். முகவர் "அதெல்லாம் போட வேண்டாம்" என்று சொன்னாலும் நீங்கள் போடுங்கள், ஏனெனில் மறைத்ததாகக் கண்டறிந்தால் கோரிக்கை முழுவதும் தள்ளுபடியாகும். வேலை செய்யும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. மனிதவளப் பிரிவில் இந்த அறுவைக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முன் அனுமதிக் கோரிக்கை போகும்போது அறுவைச் சிகிச்சை நிபுணரின் கடிதத்தில் உயரம், எடை, பி.எம்.ஐ., இணைநோய், முயன்ற சிகிச்சைகள், அவை நடந்த காலம் ஆகியவையும், விலக்கு எண் 6-இன் நிபந்தனைகள் எப்படி நிறைவேறுகின்றன என்பதும் தனித்தனியே இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் கோரிக்கை "அழகு சார்ந்த சிகிச்சை" என்ற காரணத்தோடு திரும்பி வந்தது. தொலைபேசியில் சொல்வதை ஏற்காமல் மறுப்பை எழுத்தில் வாங்கினோம், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கோப்பின் நகலோடு பதில் அனுப்பினோம், அங்கேயே முடிந்தது. முடியாவிட்டால், 30 நாள்களில் பதில் வராதபோதோ வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாதபோதோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் செல்ல வேண்டும்.

காப்பீடே இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைத் துறை புறநோயாளிப் பிரிவில் தொடங்கலாம். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. உங்களுக்குப் பரிந்துரைத்த அறுவையின் முழுப் பெயரைச் சொல்லி, அது திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் வருமா என்று மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும், ஆனால் முயலாமல் விட வேண்டாம்.

படி 4: பயத்தை எண்களோடு எதிர்கொள்ளுங்கள், மருத்துவமனையைக் கேள்விகளோடு

2024 ஏப்ரலில் சென்னைப் பகுதித் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைகுறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி வெளியானபோது, நான் அறிந்தவர்களில் இருவர் தம் தேதியை ரத்து செய்தார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. அதே வேளையில், அமெரிக்காவில் பத்து மையங்களில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில் அறுவைக்குப் பின் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளைவிட 29 சதவீதம் குறைவாக இருந்தது. அறுவையின் ஆபத்தை எடைபோடும்போது, செய்யாமல் இருப்பதன் ஆபத்தையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

இந்தக் குறைந்த இறப்பு விகிதம் எல்லா மருத்துவமனைக்கும் தானாகக் கிடைத்துவிடாது. எனவே கேளுங்கள்: இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் உள்ளதா? பருமனான நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய நிபுணர் யார்? சி.டி. ஸ்கேன் மேசை என் எடையைத் தாங்குமா? வீடு திரும்பிய பின் நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் தொலைபேசியை யார் எடுப்பார்கள்? எத்தனை ஆண்டுகள் என்னைப் பின்தொடர்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தள்ளுபடி விலையை முதலில் சொல்லும் இடத்தையும்.

அறுவை வகைகளில் இரண்டுதான் பெரும்பாலும் பேசப்படும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய்போல ஆக்குகிறார்கள். உலகில் மிக அதிகம் செய்யப்படுவது இதுவே. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை உருவாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்லாந்தில் நடந்த ஆய்வில் பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் இருந்தது. அக்கா பைபாஸைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம் இதுதான்.

அறுவைக்கு முன் எண்டோஸ்கோபி, எச். பைலோரி கிருமிச் சோதனை, இதயப் பரிசோதனை, வைட்டமின் அளவுகள், மனநல மதிப்பீடு ஆகியவை இருக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்கள் தூக்கப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. தேவைப்பட்டால், தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவியை அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். புகைப்பவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மனநல மதிப்பீடு என்றதும் தயங்குகிறார்கள். அது உங்களைத் தள்ளிவிடுவதற்கான தேர்வு அல்ல. மன அழுத்தமும் கட்டுப்படாமல் உண்ணும் பழக்கமும் இருந்தால் அவற்றுக்கு முதலில் சிகிச்சை தருவதற்காகவே அது நடக்கிறது.

படி 5: வீட்டைத் தயார்படுத்துங்கள்

அம்மா ஓராண்டு ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கிற குடலை ஏன்டி வெட்டணும்?" என்றார். வாதாடிப் பயன் இருக்கவில்லை. மருத்துவரிடம் அம்மாவையும் அழைத்துச் சென்று, அவர் தன் வாயாலேயே கேள்வி கேட்கும்படி செய்தபோதுதான் மாறினார். திருமணம் ஆகாத பெண்களின் வீட்டில் தழும்பைப் பற்றியும் குழந்தைப்பேற்றைப் பற்றியும் அச்சம் இருக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் தழும்புகள் சிறியவை. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவில் கூடும். ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படுமா என்பது உறுதியில்லாததால் வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். இதைப் புதுமணத் தம்பதியரிடம் அறுவைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

விருந்து இன்னொரு தடை. நம் ஊரில் "போதும்" என்பதை யாரும் ஒருமுறை சொன்னால் நம்புவதில்லை. வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, "டாக்டர் சொல்லியிருக்கார்" என்று இலைக்கு அருகில் நின்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு நான் நின்றேன்.

படி 6: முதல் எட்டு வாரங்கள்

அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் ரத்தம் உறைவதைத் தடுக்க அது அவசியம். வீடு திரும்பிய பின் காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, தோள்பட்டை வரை போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எதுவந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் நீர்ம உணவு, பிறகு கூழ், பிறகு மென்மையான உணவு, ஏறக்குறைய எட்டாம் வாரத்தில் வழக்கமான உணவு. அக்கா பழைய இருமல் மருந்துப் புட்டியின் 30 மி.லி. அவுன்ஸ் கிளாஸில்தான் எல்லாவற்றையும் குடித்தார். ஒரு கிளாஸ் மோர் கால் மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, உதட்டை நனைத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்து. ஒருநாள் பசி என்று இரண்டை அடுத்தடுத்துக் குடித்ததும் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் வலி வந்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவசரப்படவில்லை.

பருப்புத் தண்ணீரும் கஞ்சியும் மட்டும் கொடுத்தால் புரதம் போதாது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. எனவே மருத்துவர் சொல்லும் புரதப் பொடி தொடக்க மாதங்களில் தேவைப்படும். தட்டில் முதலில் மீன், முட்டை, பனீர், சுண்டல், கெட்டித் தயிர், இடமிருந்தால் காய், சோறு கடைசி. சாப்பாட்டோடு தண்ணீரோ ரசமோ குடிக்கும் நம் பழக்கத்தை விட்டு, அரை மணி நேர இடைவெளி விட வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவு முதல் நாள்களிலேயே குறைக்கப்பட வேண்டியிருக்கும்; பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும்.

படி 7: வாழ்நாள் மாத்திரைகளும் ஒரு சிறிய அட்டையும்

இந்தப் படியை விட்டவர்கள்தான் மிக மோசமாகத் துன்பப்படுகிறார்கள். பன்முக வைட்டமின், பி12, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி, இரும்பு ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. கால்சியம் கார்பனேட்டைவிடச் சிட்ரேட் வகையே ஏற்றது. நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வரை, பிரித்துப் பிரித்து. இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். காபி, டீயோடும் கூடாது. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவைப்படுவதால் சாதாரண வைட்டமின் மாத்திரை போதாது.

எல்லாவற்றையும்விட முதன்மையான எச்சரிக்கை தையமின் என்ற பி1 வைட்டமினைப் பற்றியது. உடலின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அறுவைக்குப் பின் தொடர் வாந்தி வந்தால் அது தீர்ந்துவிடும். அந்த நிலையில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போனால் வழக்கமாக முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தையமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே அக்காவின் கைப்பையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை இருக்கிறது. அறுவையின் பெயர், தேதி, மருத்துவரின் எண் ஆகியவற்றுக்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரிகள்: "குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஊசி தரவும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் கூடாது." பைபாஸ் இணைப்பில் அந்த மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும், ஆனால் மருந்துக்கடையில் உடம்புவலி என்றால் முதலில் எடுத்துத் தருவது அவற்றைத்தான்.

படி 8: மூன்றாம் ஆண்டு

முதல் ஆண்டில் எல்லாரும் பரிசோதனைக்கு வருகிறார்கள். எடை இறங்குகிறது, துணிகள் தளர்கின்றன, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு 12 முதல் 18 மாதத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு சற்று ஏறுகிறது. அந்த ஏற்றம் தொடங்கும் நேரத்தில்தான் நோயாளிகள் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்துகிறார்கள். அக்கா 66 கிலோ வரை இறங்கி, நான்காம் ஆண்டில் 73-க்கு வந்தார். எட்டு மாதம் எடைமேடையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார், "ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். 98 கிலோவில் தொடங்கி 73-இல் நிற்பவர் தோற்றவர் அல்ல; அறுவைக்கு முன் போட்டுவந்த இரண்டு வேளை இன்சுலின் நின்றுபோனவர்.

ஐந்து கிலோ ஏறியதும் போய்ப் பாருங்கள் என்பது நான் எல்லாரிடமும் சொல்வது. காரணம் பலவாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொறிப்பது முதற்காரணம். முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிடும், வயிறு நிறையாது. பழச்சாறும் மதுவும் அடுத்தவை. பைபாஸுக்குப் பின் மது மிக விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது, குடி அடிமைத்தனம் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. முன்பு குடிக்காதவரிடமும் கவனம் தேவை. புதிய மருந்துகள், மன அழுத்தம், அறுவை அமைப்பில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உணவுமுறையைத் திருத்துவது, மருந்து சேர்ப்பது, அரிதாக மறு அறுவை என்று வழிகள் உண்டு. எடை குறைந்து தொங்கும் தோலின் மடிப்புகளில் புண் வருவதும் இந்த ஆண்டுகளில்தான். தோல் நீக்கும் அறுவையைக் காப்பீடு பெரும்பாலும் அழகுச் சிகிச்சை என்றே ஒதுக்குகிறது. தொற்று திரும்பத் திரும்ப வருவதைத் தோல் மருத்துவரிடம் பதிவு செய்து வைத்திருந்தால் வாதிட இடமிருக்கும்.

படி 9: மருந்துகளின் இடம்

பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசிமருந்துகளில் டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைகுறைப்புக்கான செமாகுளூடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அறுவை வேண்டாம் என்பவர்களுக்கும், அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் இவை உண்மையான வாய்ப்பு. பெரிய ஆய்வுகளில் செமாகுளூடைடு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையின் 15 சதவீதத்தையும், டிர்செபடைடு உயர்ந்த அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீதத்தையும் குறைத்தன. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையின் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்துத் தொடங்குபவர் இந்த உண்மையை முன்பே அறிய வேண்டும். மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, அதைப் பல ஆண்டுகளுக்குத் தாங்க முடியுமா என்று கணக்கிட்ட பின் தொடங்குங்கள். புறநோயாளி மருந்து என்பதால் பெரும்பாலான காப்பீட்டில் இதற்குப் பணம் வராது. கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று உள்ளவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்துச்சீட்டு இல்லாமல் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது.

அக்கா இப்போது மருந்தும் உணவுத் திருத்தமுமாக 69 கிலோவில் இருக்கிறார். அறுவை நடந்த மாதம் தை என்பதால், ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் முடிந்த வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், எச்.பி.ஏ.1.சி., கல்லீரல், சிறுநீரகம் என்று பட்டியல் கோப்பின் உள்ளட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்தில் அக்கா இன்று சாதாரணப் பட்டையைத்தான் நீட்டச் சொல்கிறார்.